எண்பது கிலோமீட்டர் தொலைவில் எடுக்கப்படும் முடிவு

பந்தயம் முடிய இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கும்போதே ஒரு வீரர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியே பாய்கிறார். வர்ணனையாளர்கள் 'என்ன துணிச்சல்!' என்கிறார்கள். பிடிபட்டால் அதே வாய் 'அவசரக்குடுக்கை' என்கிறது. இரண்டும் தப்பு. சாலை சைக்கிள் பந்தயத்தில் இன்று இவ்வளவு கணக்குப் பார்த்து எடுக்கப்படும் முடிவு வேறொன்று கிடையாது.

சமதளத்தில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். தனியாகப் போனவரைக் கூட்டம் எப்படியும் பிடித்துவிடும் என்று நாம் நம்புவது இதனால்தான். ஆனால் அவர் தாக்குவது ஏற்றத்தில். அங்கே வேகம் குறைகிறது, காற்றுத்தடை குறைகிறது, பின்னால் ஒளிந்து வருபவரின் ஆதாயமும் குறைகிறது. ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தின் பேட்டர்பெர்க் ஏற்றத்தின் நீளம் சுமார் 360 மீட்டர்தான். ஆனால் கல் பாவிய பாதை, ஏற்றம் 20 சதவீதத்தைத் தொடும். அங்கே யார் முதுகும் யாரையும் காப்பாற்றாது.

அதைவிட முக்கியம், யாரை எப்போது கழற்றிவிடுகிறார் என்பது. கடைசி ஏற்றம் வரை காத்திருந்தால் எதிரணித் தலைவர்களோடு அவர்களுடைய உதவியாளர்களும் இருப்பார்கள். முன்கூட்டியே தாக்கினால் முதலில் உதிர்வது அந்த உதவியாளர்கள்தான். மிஞ்சும் நாலைந்து தலைவர்கள் ஒன்றுசேர்ந்து துரத்த மாட்டார்கள். முன்னால் நின்று இழுப்பவர் கடைசி ஸ்பிரிண்டில் தோற்பார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். 'நீ இழு, நீ இழு' என்று அவர்கள் தயங்கும் நேரத்தில்தான் அரை நிமிட இடைவெளி ஒரு நிமிடமாகிறது. தனியாகப் போகிறவருக்கு இந்தப் பேரமே இல்லை. மணிக்கு 100 கிராம் மாவுச்சத்து உட்கொள்ளப் பழகிய இன்றைய வீரருக்கு இரண்டு மணி நேரத் தனி ஓட்டம் தாங்கக்கூடியதுதான்.

இத்தனை இருந்தும், யார் பெரிய வீரர் என்ற பேச்சு எழுந்தால் நாம் எடுக்கும் ஒரே அளவுகோல் டூர் டி பிரான்ஸின் மஞ்சள் ஜெர்சி. 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பந்தயத்தை ஐந்து முறை வென்றவர்கள் நால்வர். மிலான்-சான் ரெமோ, ஃபிளாண்டர்ஸ், பாரிஸ்-ரூபே, லியேஜ், லொம்பார்டி என்ற ஐந்து பெரும் ஒருநாள் பந்தயங்களையும் வென்றவர் அந்த நால்வரில் ஒருவரே. மூன்று வாரம் அணியின் பின்னால் பதுங்கி, தனிநேர ஓட்டத்தில் நிமிடங்களைச் சேர்த்து, மலையில் எதிராளியை ஒட்டிக்கொண்டே வென்றவர்களும் சாம்பியன்கள்தான். ஆனால் நான் அவர்களை ஒரு படி கீழேதான் வைப்பேன். மார்ச்சில் சான் ரெமோ தொடங்கி அக்டோபரில் லொம்பார்டி வரை ஒவ்வொரு தொடக்கக் கோட்டிலும் ஜெயிக்கவே வந்து நிற்பவர் வேறு ரகம்.

இனி எதிரணிகள் சும்மா இருக்காது. ஏற்றங்களைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும் இரண்டு உதவியாளர்களைத் தலைவருக்கென்று மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அவருக்கு முன்பாகவே தங்கள் ஆளை முன்னே அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதுதான் பலிக்கும். சான் ரெமோவில் போஜியோ ஏற்றத்தின் சராசரிச் சாய்வு 4 சதவீதம்கூட இல்லை. ஒளிந்து வருபவருக்கே அங்கு லாபம். ஆகவே அந்தப் பந்தயத்தில் இனி சண்டை அதற்கு முந்தைய சிப்ரெஸ்ஸா ஏற்றத்திலேயே நடக்கும். ரூபேயில் மலையே கிடையாது, அங்கே அவர் தோற்கும் நாளும் வரும். 'அவர் கதை முடிந்தது' என்று அன்று எழுதுவார்கள், நம்பாதீர்கள். சில ஆண்டுகளில் இளம் வீரர்கள் பலரும் இதே தொலைவில் தாக்குவார்கள், பாதிப் பேர் பிடிபடுவார்கள். கடைசி அரை மணி நேரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; யார் வெல்வார் என்பது அதற்குள் முடிவாகியிருக்கும்.