வன்னித் தச்சு: உரலும் வாகனமும் கதிரையும்

கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி என்னும் நான்கு பெயர்களும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. மரத்தைக் குடைந்தும் செதுக்கியும் பொருள் செய்யும் கை அவர்கள் வருமுன்னரே வன்னியில் இருந்தது. உரல், உலக்கை, தேங்காய் திருவலை, பலகைக்கட்டை, ஏர், வண்டி என வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டியவை ஆசாரியின் முற்றத்திலேயே பிறந்தன. தளபாடத்தைச் சிற்பமாகக் கொள்ளும் வன்னித் தச்சில் மூன்று மரபுகள் கலந்து நிற்கின்றன: கோயில் மரபு, கதிரை மரபு, காட்டு மரபு.

 தேர், மஞ்சம், சப்பறம், வாகனம் ஆகியவை கோயில் மரபின் பேறுகள். முகத்தின் அளவைத் தாளமாகக் கொண்டு உடலை வகுக்கும் கணக்கே அதன் இலக்கணம். பெரும் பட்டறைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பினும், குதிரை வாகனத்தின் கழுத்து வளைவு வன்னிக் கதிரையின் கைப்பிடியில் இறங்கியிருப்பதைப் பழைய வீடுகளில் காணலாம்.

கதிரை மரபு கடலோரக் கோட்டைகளிலிருந்து உள்நாட்டுக்கு வந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டில் இலங்கையிலும் சோழமண்டலக் கரையிலும் கருங்காலியில் முறுக்குக் கால் கடைந்து, முதுகுப் பலகையில் பூங்கொடி செதுக்கிய கதிரைகள் செய்யப்பட்டன. கொழும்பு புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகம் அக்காலத் தளபாடங்களைப் பேணுகிறது. பிரம்பு பின்னிய சாய்மனைக் கதிரை ஆங்கிலேயர் காலத்தில் பரவியது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூல் இலங்கைக் கைவினைஞரின் அறிவை உலகறியச் செய்தது. அதன் பார்வை பெரும்பாலும் கண்டிப் பிரதேசத்தோடு நின்றுவிட்டது என்பது வன்னிக்கு ஒரு குறையே.

காட்டு மரபு மரத்திலிருந்தே தொடங்குகிறது. புளியங்குளம், பாலமோட்டை, மருதோடை என ஊர்களுக்கே மரங்களின் பெயரிட்ட நிலம் இது. பாலை நீரில் தாழும் அளவுக்குக் கனமானது. கருங்காலியில் வைரம் மட்டுமே கருமை, வெளிப்பகுதி வெளிறியிருக்கும். முதிரையின் நார் ஒன்றையொன்று எதிர்த்து ஓடுவதால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பட்டுப்போல் மின்னும். அதே நார்தான் சீவுளியின் அலகைப் பிடித்துக் கிழிக்கும். முதிரைத் தூள் தோலை அரிக்கும். இவ்வளவையும் பொறுத்தவருக்கே பூ விழுந்த முதிரைப் பலகை வசப்படும்.

வன்னியின் மூத்த ஆசாரியார் ஒருவர், தம் பெயர் அச்சேறுவதை விரும்பாதவர், இம்மரபின் அளவுகோல்களை இன்றும் காத்து வருகிறார். அவரிடம் சேரும் மாணாக்கர் முதலில் உளி தீட்டவும் வாய்ச்சி பிடிக்கவும் பழகுவர். அதன்பின் உரல் குடைய வேண்டும். கதிரை பிறகுதான். உரல் ஒரே கட்டை. அதில் மூட்டில்லை, ஆணியில்லை, பிழையை மறைக்க இடமில்லை. வெளிவளைவும் உட்குழியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டும். அந்த வளைவு கைக்கு வந்தபின் கதிரையின் இருக்கைப் பலகையைக் குழிப்பது எளிதாகிறது. முடிந்த கதிரையை ஆசாரியார் கவிழ்த்துப் போட்டுக் கண்ணை மூடி, அடிப்புறத்தைத் தடவிப் பார்ப்பார். கழுந்து எனும் மூட்டு முனை, பொளி எனும் துளையில் கொட்டாப்புளியின் ஓரிரு தட்டில் இறங்கியிருக்க வேண்டும். ஓங்கி அடித்து ஏற்றியது பின்னாளில் பொளியை வெடிக்கச் செய்யும். கொடியும் மயிலும் இதற்குப் பின்னரே. அவரது சிறந்த கதிரைகள் சிலவற்றில் செதுக்கு வேலையே கிடையாது; கால் மெலியும் இடமும் கை திரும்பும் இடமுமே சிற்பம்.

இந்நோக்கு வன்னிக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய வம்சாவளியினரான ஜோர்ஜ் நகாஷிமா 1930களின் இறுதியில் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிப் பணியில் ஈடுபட்டு அதற்கான தளபாடங்களையும் வடிவமைத்தார். பின்னர் அமெரிக்காவில் பலகையின் இயற்கை விளிம்பை அப்படியே விட்டு மேசை செய்து புகழ்பெற்றார். வன்னியின் பழைய வாங்குகளில் பட்டை உரித்த விளிம்பு விடப்பட்டது பலகையை வீணாக்காமல் இருக்க. காரணம் வேறு, அழகு ஒன்று.

அளவுகோல் தளர்ந்து வருவதையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. யாரையும் குறித்து இது எழுதப்படவில்லை. கூலியும் மர விலையும் அனுமதிப்பத்திர அலைச்சலும் தரும் நெருக்கடி யாவரும் அறிந்ததே. ஆயினும் புட்டியை ஏற்பதற்கில்லை. மரத்தூளும் பசையும் குழைத்து மூட்டின் இடைவெளியை அடைக்கும் இவ்வழக்கம் முதலில் ஆணித்தலையை மறைக்க வந்தது. பிறகு வெடிப்பை, பிறகு தவறாக வெட்டிய பொளியை மறைத்தது. புட்டி இருப்பதால் கழுந்தை அளந்து வெட்டும் பொறுமை போயிற்று. பொறுமை போனதால் பச்சைப் பலகையை உலர்த்தும் வழக்கம் போயிற்று. மேலே சாயம் பூசினால் மலைவேம்பும் முதிரையாகிவிடுகிறது. இயந்திரம் அரிந்த ஒரே மயில் நூறு கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. மாரி வந்ததும் பலகை உப்புகிறது, கோடையில் புட்டி உதிர்கிறது, வாங்கியவர் மரத்தைப் பழித்துப் பிளாஸ்ரிக் கதிரைக்குப் போகிறார். கதிரை ஆடினால் வீடு ஆடும் என்று முதியோர் வருந்துவதில் மிகையில்லை. ஒரு தலைமுறை புட்டியோடு வளர்ந்துவிட்டால், மூட்டைத் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் விரல் ஊரிலேயே இராது.

பலகை உலர்வதற்கு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. நிழலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசி வைப்பர். மெருகுக்கு எண்ணெய் தேய்த்தலே காட்டு மரபின் முறை. வார்ணிஷ் கதிரை மரபோடு வந்தது. கருவிகளைப் பொறுத்தவரை, 2009 போர் இடப்பெயர்வில் ஆசாரிமார் பலர் கருவிப்பெட்டியை வழியிலேயே விட்டு வந்தனர். மீள்குடியேறிய பின் ஆசாரியாரின் பட்டறையில் உள்ள வாய்ச்சிகள் லொறி வில்லுத் தகட்டில் அடிக்கப்பட்டவை. பிடிகள் முன்போலவே விண்ணாங்கு.