முழு எண்ணுக்குள் நிற்குமா?

முடிச்சூரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1937-இல் தாம்பரத்துக்கு வந்த இந்தக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1970-களில் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்தார்கள். வடிவத்தை விதிகளாலேயே வரைந்து காட்ட வேண்டும் என்பது இந்த மரபின் அளவுகோல்.

சண்டிகர், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இயற்கணித மரபின் அளவுகோல் வேறு. ஐ. பி. எஸ். பாஸி, லூதர், அமெரிக்கரான ஹேல்ஸ் ஆகியோர் கேட்ட கேள்வி இது: குல வளையத்தின் ஓர் உறுப்பை, அதாவது குல உறுப்புகளை முழு எண் கெழுக்களோடு சேர்த்த கூட்டலை, ஜோர்டான் முறையில் பிரித்தால், பகுதிகளும் முழு எண் கெழுக்களோடு நிற்குமா? ஒரு பகுதி, சிக்கலெண்களில் மூலைவிட்ட அணியாக்கக்கூடியது. மற்றது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போனால் பூச்சியமாகிவிடுவது. இரண்டையும் எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றே. பின்னங்களை அனுமதித்தால் இப்பிரிப்பு எப்போதும் உண்டு.

சதுரக் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 8 சமச்சீர்கள்; அவை சேர்ந்து ஒரு குலம். ஒரு கால் திருப்பத்தோடு, முதலில் நெடுக்குக் கோட்டில் பிரதிபலித்துப் பிறகு அதே திருப்பத்தைச் செய்வதைக் கூட்டுங்கள். கெழுக்கள் இரண்டும் 1. பிரித்தால் முதல் பகுதி, இரு கால் திருப்பங்கள், இரு மூலைவிட்டப் பிரதிபலிப்புகள் ஆகிய நான்கின் கூட்டலில் பாதி. எஞ்சியதை வர்க்கப்படுத்தினால் பூச்சியம். இரண்டிலும் ½ புகுந்துவிட்டது, சதுரம் தோற்றது. சமபக்க முக்கோணத்தின் 6 சமச்சீர்களில் அப்படிப் பின்னம் வருவதில்லை. எந்தக் குலங்கள் தேறும் என்ற பட்டியலை ஹேல்ஸும் பாஸியும் 1991-இல் தந்தார்கள். கூட்டலுக்குப் பதில் பெருக்கலால் பிரிக்கும் கேள்வி இன்னும் கடினம். லியூ, பாஸ்மன் போன்றோர் அதில் உழைத்தார்கள்.

பொதுக்கூற்றை நம்புமுன் கையடக்கக் குலத்தில் சோதிப்பது இம்மரபின் நல்ல பழக்கம். லூதரும் பாஸியும் 1989-இல், 60 உறுப்புகள் கொண்ட ஏ5 குலத்துக்கு சாஸன்ஹவுஸ் ஊகத்தை நிறுவினார்கள். குல வளையத்தில் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போனால் 1 ஆகிவிடும் உறுப்பு, பின்னங்களை அனுமதித்தால், குறி நீங்கலாக ஒரு குல உறுப்பின் இணையியே என்பது அந்த ஊகம். அவர்களின் முறை பலருக்கும் கருவியானது. ஆனால் பொது ஊகம் பொய் என்று ஐசலும் மார்கோலிஸும் 2018-இல் எதிர் எடுத்துக்காட்டு தந்தார்கள். அதனால் ஏ5 முடிவுக்கு ஒரு குறையும் வரவில்லை. அது நிறுவப்பட்டது, அவ்வளவே.

சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகமும் இன்று சென்னையின் இதே தென்புறத்தில் இருக்கிறது. எங்கே படித்தாலும் நம் மாணவர்கள் எதிர் எடுத்துக்காட்டைத் தேடத் துணிந்தால், தேற்றத்தின் எல்லை அவர்களுக்குத் தெரிந்துவிடும்.