தொடர்வதா, விடுவதா? மெதுவாகத் தொடங்கும் தொலைக்காட்சித் தொடரை மதிப்பிடுதல்: ‘மெட்டி ஒலி’யை முன்வைத்து

முன்னுரை

ஒரு தொலைக்காட்சித் தொடரின் முதற் சில பகுதிகளைக் கண்டபின், ‘கதை இன்னும் தொடங்கவே இல்லையே’ என்னும் சலிப்பு எழுவது பலரும் அறிந்த அனுபவமாகும். அந்நிலையில் தொடர்ந்து காண்பதா, அத்துடன் விட்டுவிடுவதா என்பதைப் பார்வையாளர் முடிவு செய்ய வேண்டியவராகிறார். இம்முடிவு பெரும்பாலும் அன்றைய மனநிலையைப் பொறுத்தே அமைகிறது. எனினும், இதனுள் ஒரு திறனாய்வுச் சிக்கலும் அடங்கியுள்ளது. முழுமையாகக் காணாத ஒரு படைப்பை அதன் தொடக்கத்தை மட்டுமே கொண்டு எவ்வாறு மதிப்பிடுவது என்பதே அச்சிக்கல். திருமுருகன் இயக்கத்தில், சன் தொலைக்காட்சியில் 2002 பிப்ரவரி முதல் 2005 செப்டம்பர் வரை 811 பகுதிகளாக ஒளிபரப்பான ‘மெட்டி ஒலி’ என்னும் தொடரை முன்வைத்து இச்சிக்கலை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

பொந்தியானில் எழுந்த வினா

இவ்வினா நம்முள் எழுந்த சூழலை முதற்கண் குறிப்பிடுதல் பொருந்தும். 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபொழுது, நாம் ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையிலுள்ள பொந்தியானில் பெரியம்மாவின் இல்லத்தில் தங்க நேர்ந்தது. பல்கலைக்கழகம் மூடப்பட்டதால் அவருடைய பேரனும் அங்கு வந்திருந்தார். அம்முடக்கக் காலத்தில் சன் தொலைக்காட்சி ‘மெட்டி ஒலி’யை மறுஒளிபரப்புச் செய்தது. அதனை முன்னரே முழுமையாகக் கண்டிருந்த பெரியம்மா, மீண்டும் ஒருநாளும் தவறாமல் காணத் தொடங்கினார். பேரனோ இரவில் இணையத்தின்வழி ஒரே அமர்வில் நான்கைந்து பகுதிகளைக் கண்டுவிட்டு, இரண்டு வாரங்களுக்குள் சலிப்புற்றார்.

“இத்தனை எபிசோட் பார்த்தாச்சு, ஒன்னுமே நடக்கலையே பாட்டி” என்றார் அவர். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “பொண்ணு பொறந்த வீட்டப் பார்க்காம, போன வீட்டுல அவ பட்ட கஷ்டம் எப்படிய்யா தெரியும்?” என்று கேட்டார்.

இருவருள் நாம் முதலில் பேரனின் பக்கமே நின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வகுப்பறையில் இத்தகைய தொடர்களை ‘இழுவை’ என்ற ஒரே சொல்லால் நாம் ஒதுக்கியதுண்டு. அச்சொல்லை ஆராயாமல் வழங்கிவந்துள்ளோம் என்பதைப் பெரியம்மாவின் கேள்வியே உணர்த்தியது.

‘மெதுவாக’ என்பதன் அளவு

ஒரு தொடர் மெதுவாகத் தொடங்குகிறது என்று கூறும்பொழுது, எதனோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் அமேசான் பிரைம் தளத்தில் வெளியான, புஷ்கர் – காயத்ரி இணையர் உருவாக்கிய ‘சுழல்’ எட்டுப் பகுதிகளைக் கொண்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொழிற்சாலைத் தீயும் ஒரு பெண் காணாமற்போதலும் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றன. ‘மெட்டி ஒலி’யின் ஒரு பகுதியை விளம்பரம் நீங்கலாக இருபது நிமிடம் எனக் கொண்டால், 811 பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 270 மணி நேரமாகும். எட்டில் ஒரு பங்கு என்பது ‘சுழலில்’ ஒரு பகுதி. ‘மெட்டி ஒலி’யில் அது நூற்றொரு பகுதி. வாரத்திற்கு ஐந்து நாள் என்னும் கணக்கில் அது ஐந்து மாதத்திற்குச் சற்றுக் குறைவான காலம். ஆகவே, பத்துப் பகுதிகளில் எதுவும் நிகழவில்லை என்னும் குற்றச்சாட்டு, குறுந்தொடருக்குரிய அளவுகோலால் நெடுந்தொடரை அளப்பதன் விளைவு எனலாம்.

தொடக்கப் பகுதியே பார்வையாளரைப் பிணித்துவிடும் என்னும் கருத்தும் உறுதியானதன்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2015இல் சில தொடர்களின் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து, எப்பகுதியைக் கண்டவருள் எழுபது விழுக்காட்டினர் முதற் பருவத்தை முழுமையாகக் கண்டு முடித்தனர் என்று வெளியிட்டது. ஆராயப்பட்ட எத்தொடரிலும் அது முதற் பகுதியாக இல்லை. ‘மேட் மென்’ தொடரில் அது ஆறாம் பகுதி. எனினும், இம்முடிவை அப்படியே ஏற்றலும் பொருந்தாது. ஆறாம் பகுதிவரை வந்தவர் ஏற்கெனவே விருப்பமுடையவர்; அதற்குள் விலகியவரின் குரல் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. எனவே, ‘இன்னும் சில பகுதிகள் பாருங்கள்’ என்று அறிவுரை கூறுவதற்கு இப்புள்ளிவிவரம் மட்டும் போதிய சான்றாகாது. எண்ணிக்கையைக் காட்டிலும் தன்மையை நோக்குதலே ஈண்டுத் தேவைப்படுகிறது.

நிதானமும் இழுவையும்

மெதுவான தொடக்கம் இருவகைப்படும். பின்னர் வரவிருப்பதற்கு வேண்டிய அறிவைப் பார்வையாளரிடம் சேர்த்துவைப்பது ஒன்று. அதனை ‘நிதானம்’ எனலாம். வரவிருப்பதை வெறுமனே தள்ளிப்போடுவது மற்றொன்று; அதுவே ‘இழுவை’. முகத்தை மும்முறை அண்மைக் காட்சியில் காட்டி இடியோசை எழுப்புவதும், கதவு தட்டப்படும் ஓசையோடு வெள்ளிக்கிழமையை முடித்துத் திங்கட்கிழமை பால்காரரை நிறுத்துவதும் இழுவையின்பாற்படும். இரண்டிலும் கதை நகர்வதில்லை என்பதே ஒற்றுமை. முன்னதில் நம் அறிவு வளர்கிறது, பின்னதில் வளர்வதில்லை என்பதே வேற்றுமை.

இவ்வேற்றுமையைத் தமிழாசிரியர் நன்கறிந்த ஒரு படைப்பின்வழி விளக்கலாம். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் கோவலன் கொலையுண்பது பதினாறாம் காதையில்தான். அதற்கு முன்னர், அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்பது வரை இளங்கோவடிகள் பொறுமையாக எடுத்துரைக்கிறார். மாணவர் பலர் அக்காதையிலேயே சோர்வுறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயின், நான்காம் காதையில் கணவனைப் பிரிந்த கண்ணகியின் அடிகள் சிலம்பணியாது இருக்கின்றன. ஒன்பதாம் காதையில் அச்சிலம்பையே அவள் கணவனுக்கு முன்வருவித்துத் தருகிறாள். இருபதாம் காதையாகிய வழக்குரை காதையில் அது பாண்டியன் அவையில் உடைகிறது. நான்காம் காதையில் அணியப்படாத சிலம்பைக் கவனித்தவருக்கே, இருபதாம் காதையில் உடைவது வெறும் அணிகலன் அன்று என்பது முழுமையாகப் புலப்படும். தொடக்கத்தில் நாம் செலவிட்ட நேரத்தைப் படைப்புப் பின்னர் நினைவில் வைத்திருக்கிறது. நிதானத்தின் முதன்மையான அடையாளம் இந்நினைவே ஆகும்.

‘மெட்டி ஒலி’யின் தொடக்கம்

இவ்வளவுகோலைக் கொண்டு ‘மெட்டி ஒலி’யை நோக்குவோம். தாயற்ற ஐந்து பெண்மக்களை வளர்த்து மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பைச் சுமக்கும் சிதம்பரம் என்னும் தந்தையின் கதை இது. டெல்லி குமார் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். தொடக்கப் பகுதிகளில் பெரிய திருப்பங்களைக் காட்டிலும் வீட்டின் அன்றாட வாழ்வே மிகுதியாக இடம்பெறுகிறது: உணவு வேளை, சகோதரியரின் கேலி, மணப்பேச்சு, செலவுக் கணக்கு, தந்தையின் கவலை.

இவற்றின் பயன், மகளிர் புகுந்த வீடுகளுக்குச் சென்றபின்னரே தெளிவாகிறது. சரோ தன் மாமியார் இராஜத்தின் வீட்டில் வாய்மூடி நிற்கும்பொழுது, அவளது மௌனத்தைப் பிறந்த வீட்டில் அவள் பேசிய பேச்சோடு ஒப்பிட்டே நாம் உணர்கிறோம். தொடக்கத்தைக் காணாது இடையில் நுழைந்தவருக்கு அது பல தொடர்களில் வரும் மாமியார் கொடுமையாக மட்டுமே தோன்றக்கூடும். தொடக்கத்தைக் கண்டவருக்கோ அது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் இழப்பு. பெரியம்மாவின் கேள்வி இதனையே சுட்டியது. அவர் மறுபடியும் காண்பவராதலால், தொடக்கக் காட்சிகளின் விளைவை முன்னரே அறிந்திருந்தார்; பேரனுக்குச் சலிப்பூட்டிய அதே காட்சியில் அவர் கண்கலங்கியதை நாம் கண்டோம்.

இதனால் அத்தொடர் முழுவதும் குறையற்றது என்று கூறுதல் நம் நோக்கமன்று. பார்வையாளர் வரவேற்பு உள்ளவரை நீட்டிக்கப்படும் வாய்ப்புடைய எந்த நெடுந்தொடரும் இழுவையிலிருந்து முற்றிலும் தப்புவதில்லை. ‘மெட்டி ஒலி’யின் இடைப்பகுதியிலும் ஒரே துன்பம் வீடுமாறித் திரும்ப வருவதைக் காணலாம். நம் கருத்தில், அத்தொடரின் மெதுவான தொடக்கம் நிதானத்தின்பாற்பட்டது. இழுவை பின்னரே புகுகிறது. பார்வையாளர் பலர் தொடக்கத்தில் விலகி, இடையில் பொறுத்துக்கொள்வது இவ்வுண்மைக்கு நேர்மாறான நடத்தையாகும்.

இடைவெளியின் பங்கு

பேரனின் சலிப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. தொடர்கதை வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த ஜெர்மானியத் திறனாய்வாளர் வொல்ஃப்காங் ஈசர், கதை நிறுத்தப்படும் இடைவெளியில் வாசகரின் கற்பனை செயற்படுகிறது என்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர் பலர் நூலாக வாசித்ததைவிடத் தவணைகளாக வாசித்த நாவலையே சிறந்ததாகக் கருதினர் என்றும் எடுத்துக்காட்டினார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தபொழுது தமிழ் வாசகர் பெற்ற அனுபவமும் இத்தகையதே. வீராணத்து ஏரிக்கரையில் நிதானமாகத் தொடங்கும் அக்கதையில், சதியாலோசனை நிகழும் நள்ளிரவுக் கூட்டம் ஆறாம் அத்தியாயத்திலேயே வருகிறது.

நாள்தோறும் ஒரு பகுதி என்று அமைக்கப்பட்ட தொடரில், எஞ்சிய நேரம் வீட்டாரின் பேச்சால் நிரம்புகிறது. பொந்தியான் இல்லத்தில் சமையலறையிலும் வேலியோரத்து அண்டை வீட்டாரிடமும் அன்றைய பகுதி மீண்டும் பேசப்பட்டது. ‘அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் சரிப்படாது’ என்னும் தீர்ப்புகள் வழங்கப்பட்டன. அப்பேச்சும் தொடரின் ஒரு பகுதியே. பேரன் நான்கைந்து பகுதிகளை ஒருசேரக் கண்டபொழுது அவ்விடைவெளி முற்றிலும் நீங்கிவிட்டது. ஆகவே, ஒரு தொடர் மெதுவானது என்று முடிவு செய்யுமுன், அது காணப்பட வேண்டிய முறையில் நாம் கண்டோமா என வினவுதல் வேண்டும்.

எப்போது விடலாம்?

தொடர்ந்து காண்பதே எப்போதும் நற்பண்பு என்பதும் இல்லை. ‘இவ்வளவு பார்த்துவிட்டோம், இனி விடுவதா’ என்னும் எண்ணம் ஒரு மயக்கம். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டுகள் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் விற்கப்பட்டன. முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முற்பாதியில் மிகுதியான நாடகங்களுக்குச் சென்றனர். நாடகத்தின் தரம் இருசாராருக்கும் ஒன்றே; கொடுத்த பணமே அவர்களை இழுத்துச் சென்றது. தொலைக்காட்சித் தொடரில் நாம் செலவிட்ட மாலைப்பொழுதுகளும் அவ்வாறே நம்மைப் பிணிக்கின்றன.

எனவே பார்வையாளர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க மூன்று வினாக்களை முன்வைக்கலாம். முதலாவது, ஒரு வாரத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டால், யாரேனும் இருவருக்கிடையிலான உறவு சிறிதேனும் மாறியுள்ளதா? ஒரு நாளை அளவாகக் கொள்ளாமைக்குக் காரணம், ஒரு நாள் தவறவிட்டவரையும் எண்ணியே இத்தொடர்கள் எழுதப்படுகின்றன என்பதாகும். இரண்டாவது, முன்னர்க் கண்ட ஒரு சிறு செய்தி பின்னர்ப் பொருளுடையதாகத் திரும்பி வந்துள்ளதா? மூன்றாவது, இதுவரை ஒரு பகுதியும் காணாதிருந்தால் இன்று இதனைத் தொடங்குவோமா? முதலிரண்டிற்கும் ‘இல்லை’ என்பது விடையாயின், ஒரு மாதத்திற்குப் பின் தயக்கமின்றி விட்டுவிடலாம். மூன்றாவது, கழிந்த நேரத்தின் பிணிப்பிலிருந்து நம்மை விடுவிக்கும்.

முடிவுரை

பேரன் அதன்பின் நாளுக்கு ஒரு பகுதி என்ற முறையில் பாட்டியுடன் அமர்ந்து காணத் தொடங்கினார். சரோவின் புகுந்த வீட்டு வாழ்வு வரை ஆர்வத்துடன் தொடர்ந்தார். பின்னர் பல்கலைக்கழகம் திறந்து, இடைப்பகுதியில் விட்டுச் சென்றார். அங்கு விட்டதில் தவறில்லை என்றே நாம் கருதுகிறோம். முதலில் அவர் விடவிருந்தது சலிப்பினால். பின்னர் விட்டது அறிந்து எடுத்த முடிவினால்.

இதனின்றும் ஆசிரியராகிய நாம் பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு. அரங்கேற்று காதையில் சோர்வுறும் மாணவரிடம் ‘பொறுமையாகப் படி’ என்று மட்டும் கூறுதல் போதாது. எதற்காகப் பொறுக்க வேண்டும் என்பதை, நான்காம் காதையின் வெறுமையான அடிகளைச் சுட்டிக்காட்டி முன்னரே உணர்த்துதல் நம் கடமையாகும். தொடக்கத்தில் எதனைக் கவனிக்க வேண்டும் என்று அறிந்தவர், தொடர்ந்தாலும் விட்டாலும் காரணத்துடன் அதனைச் செய்வார்.