பர்மாவும் சிலோனும்: குடிபெயர்ந்தோரை ஒப்பிடுவதன் பயனும் பிழையும்

வெளியிலிருந்து வந்து குடியேறிய இரண்டு சமூகங்களை அருகருகே நிறுத்தி, எது முன்னேறியது, எது பின்தங்கியது என்று எடைபோடும் வழக்கம் ஆய்வாளர்களிடமும் உண்டு, டீக்கடைப் பேச்சிலும் உண்டு. சென்னையின் மேற்கு, வடக்குப் புறநகரில் இந்த எடைபோடல் பெரும்பாலும் பர்மாக்காரர், சிலோன்காரர் என்ற இரு பெயர்களைச் சுற்றி நடக்கிறது. அதற்குக் காரணம் புவியியல்தான். ஆவடியில் புறநகர் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். அதே ஆவடியிலிருந்து செங்குன்றம் சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். இரண்டு இடங்களுமே கடல் கடந்து வந்த தமிழர்களால் ஆனவை. ஒன்று கடைவீதி, மற்றொன்று அரசுப் பதிவேட்டில் அடங்கிய குடியிருப்பு. இரண்டையும் பார்த்தவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது இயல்பு: அவர்கள் உழைத்து மேலே வந்தார்கள், இவர்கள் உதவித்தொகையை நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முடிவு தவறு. ஆனால் அதைத் தவறென்று காட்டுவதற்கும் ஒப்பீடுதான் தேவைப்படுகிறது என்பதில் இந்த முறையின் வலுவும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன.

பர்மாவிலிருந்து தமிழர்கள் ஒரே அலையாக வரவில்லை. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். பல்லாயிரம் பேர் வழியிலேயே மாண்டனர். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். 1962 மார்ச்சில் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளும் வணிக நிறுவனங்களும் நாட்டுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களே இன்று பர்மா தமிழர் என்று சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர். பணமும் நகையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததால் அங்கே கடை வைத்திருந்தவரும் இங்கே வெறுங்கையோடுதான் வந்தார்.

வெறுங்கை என்றாலும் வெறும் ஆள் அல்லர். ரங்கூனிலும் மௌல்மீனிலும் சில்லறை வணிகம் செய்தவர், கணக்கெழுதியவர், கைத்தொழில் தெரிந்தவர், துறைமுகக் கூலி, நெல் விவசாயி எனப் பலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். அவர்களுக்கு முன்பே, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலத்தை 1938 வாக்கில் கைவசம் வைத்திருந்த நகரத்தார், சொத்தின் பெரும்பகுதியை அங்கேயே இழந்திருந்தாலும், ஊரில் வீடும் உறவும் தொழிலறிவும் உள்ளவர்களாகத் திரும்பியிருந்தனர். இந்த அத்தனை பேரையும் ஒரே சமூகமாகக் கணக்கிடுவதில்தான் ஒப்பீட்டின் முதல் பிழை நுழைகிறது.

அரசு அவர்களை ஏற்ற விதம் முக்கியமானது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் அகதிகள் அல்லர், தாயகம் திரும்பியோர். குடியுரிமை பற்றிய கேள்வி பெரும்பாலோருக்கு எழவே இல்லை. 1963 ஜூன் 1ஆம் தேதிக்குப் பிறகு பர்மாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கு மத்திய அரசு வேலைகளில் வயதுச் சலுகை தரப்பட்டது. 1969இல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலை நடைபாதையில் கடைகள் ஒதுக்கப்பட்டு பர்மா பஜார் பிறந்தது. அடையாளச் சான்று, கடன், கடை என்ற மூன்றும் நகரத்தின் நடுவிலேயே கிடைத்தன. குறிப்பாக மூன்றாவது, விலை மதிப்பிட முடியாத இடத்தில் கிடைத்தது.

பஜாரின் செழிப்புக்கு உழைப்பு ஒரு காரணம். இறக்குமதிக் கொள்கை அதைவிடப் பெரிய காரணம். வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் டேப் ரெக்கார்டரும் வாசனைத் திரவியமும் அதிகச் சுங்க வரியாலும் உரிமக் கட்டுப்பாட்டாலும் எட்டாக்கனியாக இருந்த காலத்தில், துறைமுக வாசலில் கடை வைத்திருந்தவருக்கு வணிகம் நடந்தது. அந்தச் சரக்கெல்லாம் முறையாகச் சுங்கம் கட்டி வந்ததல்ல என்பது ஊரறிந்த செய்தி. 1991க்குப் பிறகு இறக்குமதி எளிதானதும் பஜாரின் கவர்ச்சி குறைந்தது. பல கடைகள் கைமாறின. எனவே பர்மா பஜாரைப் பர்மா தமிழரின் சுபாவத்துக்குச் சான்றாகக் காட்டுவோர், உண்மையில் 1970களின் சுங்க வரி அட்டவணையைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். கடை கிடைத்தவர்கள் சில நூறு குடும்பங்கள். தமிழ்நாட்டுக்கு வந்தவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடிசை போட்டு, அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய உணவுகளைத் தள்ளுவண்டியில் விற்று, மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் வெற்றிக் கதையில் இடம்பெறுவதில்லை.

சிலோன் பக்கம் கதை இன்னும் சிக்கல். ஒரே பெயருக்குள் குறைந்தது இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. முதலாவது, இலங்கை மலையகத்தின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது; மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட ஒப்புக்கொண்டன. மனிதர்களைப் பேசி முடித்த இந்தக் கணக்கில் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

இவர்களும் தாயகம் திரும்பியோரே; குடியுரிமை இருந்தது, வயதுச் சலுகையும் இருந்தது. ஆயினும் பர்மாவிலிருந்து வந்தவர்களில் வணிகம் தெரிந்தோர் அடைந்த நிலையை இவர்களில் பெரும்பாலோர் அடையவில்லை. பல தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தும் கவ்வாத்து செய்தும் வாழ்ந்தவர்களுக்கு, ஊர் எதுவென்றே மறந்துபோன மாவட்டங்களில், வியாபாரக் கடன் என்று ஐயாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. தராசு பிடித்தறியாதவர் கையில் கொடுத்த அந்தக் கடன் சில மாதங்களில் சாப்பாட்டுச் செலவாகவும் இடைத்தரகர் பங்காகவும் கரைந்தது. தெரிந்த தொழிலைத் தேடிப் பலர் தாமாகவே நீலகிரிக்கு நடையைக் கட்டினர். 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பிற்காலத்து டான்டீ, அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலையும் வீடும் தந்தது. எனினும் அது மலையகத்து லயன் எனும் வரிசைவீட்டு வாழ்க்கையையே கூடலூருக்கு இடம் மாற்றியது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும், அவர்கள் திரும்பி வந்த கிராமங்கள் அதை மறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குடியுரிமை மட்டுமே போதும் என்ற வாதம் நிற்காது.

இரண்டாவது வரலாறு 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்குகிறது. மன்னார், திருகோணமலை, வவுனியா போன்ற பகுதிகளிலிருந்து படகேறி வந்தவர்கள் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். புழல், கும்மிடிப்பூண்டி உட்படத் தமிழ்நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உருவாயின. மாதப் பணக்கொடை, ரேஷன் அரிசி, பள்ளி என்பவை உண்டு. நிலம் வாங்கும் உரிமை, பாஸ்போர்ட், அரசு வேலை கிடையாது. தலை எண்ணும் நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கல்விச் சலுகைகள் பறிக்கப்பட்டு, சில ஆண்டுகள் கழித்தே மீண்டன.

முகாம் மக்களின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள ஆவடி நல்ல இடம். ஆவடியிலும் அம்பத்தூரிலும் நிரந்தரச் சம்பளத்தின் ஊற்றாக இருந்தவை கனரக வாகனத் தொழிற்சாலை, படையுடைத் தொழிற்சாலை போன்ற மத்திய அரசு நிறுவனங்களும், 1964இல் தோன்றிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும். முதல் வகையில் நுழையக் குடியுரிமையோ அதற்கீடான தகுதிச் சான்றோ வேண்டும். பர்மாவிலிருந்து வந்த இளைஞருக்கு அந்தக் கதவு சலுகையோடு திறந்திருந்தது. முகாம் இளைஞர் பொறியியல் படித்திருந்தாலும் அவரது அகதி அட்டை அங்கே செல்லாது. தனியார் நிறுவனங்களும் சரிபார்ப்பு என்று வரும்போது தயங்குகின்றன. எஞ்சுவது பெயிண்ட் வேலை. அன்றன்றைக்குக் கூலி கிடைக்கும், ஆவணம் யாரும் கேட்பதில்லை என்பதால் படித்தவரும் படிக்காதவரும் ஒரே ஏணியில் ஏறுகிறார்கள். நகரத்தை ஒட்டியிருப்பதால் புழலில் அந்தக் கூலியாவது நாள் தவறாமல் கிடைக்கிறது. தென்மாவட்டத்து வறண்ட ஊரின் முகாமில் அதுவும் நிச்சயமில்லை.

ஒப்பீட்டின் உண்மையான வலு வெளிப்படுவது பர்மாவையும் சிலோனையும் மோதவிடும்போதல்ல. ஒரே மக்களைச் சட்டம் இரண்டாகப் பிரித்த இடத்தில் அதைப் பயன்படுத்தும்போதுதான். 1980களின் நடுவில் கப்பல் போக்குவரத்து நின்றது. ஒப்பந்தப்படி வரவேண்டிய மலையகத் தமிழர்களில் பலர் வன்முறைக்கு அஞ்சிப் பின்னர் படகில் வந்து சேர்ந்தனர். முன்னால் வந்த அண்ணன் தாயகம் திரும்பியவர். பின்னால் வந்த தம்பி அகதி. தொழிலும் சாதியும் தோட்டமும் ஒன்றே. இப்படிப்பட்டோர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. இதைவிடக் கூர்மையான எல்லை ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் சென்று பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அதே முகாமில் இரண்டாண்டு கழித்துப் பிறந்தவருக்கு அந்த வழி இல்லை. உழைப்பையோ பண்பாட்டையோ வைத்து இந்த வேறுபாட்டை விளக்கவே முடியாது.

கனடாவை உதாரணம் காட்டுவோர் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் நிரந்தர வசிப்புரிமை பெற்று, வீடு வாங்கி, 2011க்குள் நாடாளுமன்றத்துக்கே ஒருவரை அனுப்பினர் என்பது உண்மை. சட்டம் வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்றுதான். ஆனால் பெருந்தொகை செலவழித்து விமானம் ஏற முடிந்தவரும், கடைசி நகையை விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்தவரும் புறப்பட்ட இடத்திலேயே சமமாக இல்லை. பர்மா–சிலோன் ஒப்பீட்டைப் பிழையென்று சொல்பவர்கள், டொராண்டோ–புழல் ஒப்பீட்டில் அதே பிழையைச் செய்யக் கூடாது.

கணக்கெடுப்பிலும் ஒரு சாய்வு உண்டு; அது பலர் கண்ணில் படுவதில்லை. பர்மாவிலிருந்து வந்தவரின் பேரன் இன்று எந்தப் பட்டியலிலும் பர்மாக்காரன் அல்லன். அவன் தேர்ந்தாலும் தோற்றாலும் தமிழ்நாட்டின் பொதுக்கணக்கில் கலந்துவிடுகிறான். முகாமில் பிறந்த பேரனோ மூன்றாம் தலைமுறையிலும் பதிவேட்டில் அகதி. முகாமிலிருந்து முன்னேறி வெளியேறியவர், வெளிநாடு போனவர், இலங்கைக்குத் திரும்பியவர் பதிவேட்டிலிருந்து நீங்குகிறார்கள். ஆக, ஒரு பக்கம் தோல்விகள் மறைகின்றன, மறுபக்கம் வெற்றிகள் மறைகின்றன. பிறகு இரண்டையும் வைத்து ஒப்பிட்டால் விடை முன்கூட்டியே எழுதப்பட்டதுபோல்தான் வரும்.

அளவுகோலைத் தேர்வதும் அப்படியே. சொத்தை வைத்துப் பார்த்தால் முகாம் கடைசி. பள்ளிக் கல்வியை வைத்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் தோறும் மாலை வகுப்புகளை நடத்திப் பல பட்டதாரிகளை உருவாக்கியது. படித்தால்தான் எதிர்காலம் என்ற பிடிவாதம் முகாம் குடும்பங்களில் ஆழமானது. இது சமூகத்தின் சொந்த முயற்சி. சட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் இந்த முயற்சிக்கு உரிய மதிப்புக் கிடைக்காது. பர்மா வணிகரிடம் இருந்த கடன் நம்பிக்கை, நாணயம், உறவுவழி முதல் திரட்டும் பழக்கம் ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். சட்டம் வாய்ப்பின் எல்லையை வரைகிறது. அந்த எல்லைக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் போகிறார் என்பதில் சமூகத்தின் பங்கு உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டாத ஒப்பீடு ஆய்வுக்கு உதவாது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்வாழ் மக்களுக்கென 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும், பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தவும் அதில் இடமிருந்தது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இந்த விலக்கு குடியுரிமை ஆகாது. பர்மாக்காரருக்குக் கிடைத்த சான்று, கடன், கடை என்ற மூன்றுக்கு ஈடாக முகாமுக்கு இதுவரை வந்து சேர்ந்திருப்பது வீடும் உதவித்தொகையும் மட்டுமே என்பதால், இரு சமூகங்களின் விளைவுகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.