சமையற்கட்டில் தொடங்கும் சுழற்சி

வெள்ளை அங்கி குடையாய் விரிய, வலக்கை வானத்தையும் இடக்கை நிலத்தையும் பார்க்கச் சுழலும் மனிதர். தர்வேஷ் என்றதும் கண்முன் வருவது இந்தப் படம்தான். பரவசத்தில் தன்னை மறந்தவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். தன்னை மறந்தால் நான்காவது சுற்றில் பக்கத்தில் சுழல்பவர் மேல் மோதி விழுந்திருப்பாரே!

கவிஞர் ரூமியின் வழிவந்த மெவ்லவி மடத்தில் சேர வந்தவனை அந்நாளில் எடுத்த எடுப்பில் சுழல விட்டதில்லை. முதல் மூன்று நாள் சமையற்கட்டு வாசலருகே ஓர் ஆட்டுத்தோலில் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளே நடப்பதை வாய் திறவாமல் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் இருக்க மனமிருந்தால் 1001 நாள் ஊழியம். பாத்திரம் துலக்குவது, கடைக்குப் போய்வருவது, கழிப்பறை கழுவுவது என்று 18 வகை வேலை. நடுவில் விட்டுப் போய்த் திரும்பி வந்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. சுழலப் பழகுவதும் அங்கேயேதான். பலகையில் அடித்த வழவழப்பான ஆணியை இடது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கொடுத்து, கால் வழுக்க உப்பைத் தூவி, வலது காலால் உந்தித் திரும்ப வேண்டியிருந்தது. சூஃபிகளின், அதாவது இஸ்லாமிய ஞானவழியினரின், சகோதரத்துவங்களுக்குள் நுழைய, கவிதையைவிட இந்தச் சமையற்கட்டுதான் நல்ல வாசல் என்பேன்.

தொடக்க கால சூஃபிகளுக்குப் பெயர் சூட்டிய அமைப்பு எதுவும் கிடையாது. 801இல் மறைந்த பஸ்ராவின் ராபியா, 910இல் மறைந்த பாக்தாதின் ஜுனைத், 922இல் கொலைத்தண்டனை பெற்ற ஹல்லாஜ் என ஆளுக்கொரு போக்கு. சுற்றிலும் சில மாணவர்கள். 1095இல் அறிஞர் கஸ்ஸாலி பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடப் பேராசிரியர் பதவியை உதறிவிட்டு இந்த வழிக்கு வந்தது, மார்க்க அறிஞர்கள் நடுவே இதற்கு மதிப்பைக் கூட்டியது. அடுத்த நூற்றாண்டிலிருந்து தரீக்காக்கள், அதாவது பெயர் கொண்ட சகோதரத்துவங்கள், உருப்பெற்றன. பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி (மறைவு 1166) பெயரில் காதிரிய்யா, தெற்கு இராக்கில் ரிஃபாயிய்யா, வட ஆப்பிரிக்காவில் ஷாதுலிய்யா, புகாராவில் நக்‌ஷபந்திய்யா. சிஷ்திய்யாவை அஜ்மீருக்குக் கொண்டுவந்தவர் முயீனுத்தீன். பெயர் தந்தவர் ஒருவர், கட்டி எழுப்பியவர் வேறொருவர் என்பதே பெரும்பாலும் கதை. ரூமி 1273இல் கொன்யாவில் மறைந்தார். மெவ்லவி தரீக்காவுக்கு ஒழுங்குமுறை வகுத்தவர் அவர் மகன் சுல்தான் வலத்.

இவற்றின் முதுகெலும்பு சில்சிலா. முரீது எனும் சீடன் ஷெய்கு எனும் குருவின் கையைப் பிடித்து பைஅத் (உறுதிமொழி) செய்கிறான். அந்த ஷெய்கு தம் ஷெய்கின் கையைப் பிடித்தவர். அவர் அதற்கும் முந்தையவரின் கையை. இப்படியே போய் நபிகள் நாயகத்திடம் முடியும் சங்கிலி அது. பெரும்பாலான தரீக்காக்கள் அலீ வழியாக நபிகளைச் சென்றடைய, நக்‌ஷபந்திகள் அபூபக்கர் வழியைப் பெரிதாகச் சொல்வார்கள். சில கண்ணிகளை வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. முரீதுக்கு அது பொருட்டும் இல்லை.

திக்ரு, அதாவது இறைவனை நினைந்து ஓதுவது, எல்லாருக்கும் பொது, முறைதான் வேறு. காதிரிகள் கூடி உட்கார்ந்து குரலெடுத்துச் சொல்வார்கள். நக்‌ஷபந்திகள் உதடு அசையாமல் நெஞ்சுக்குள். சிஷ்திகளுக்குக் கவ்வாலி இசை. ரிஃபாயிகள் உடம்பில் கம்பி குத்திக்கொள்வதால் பேர்பெற்றவர்கள். எனக்கு அதில் ஈர்ப்பில்லை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் மட்டும் குறைந்ததில்லை. இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்கு அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

நமக்கும் இது அயலூர்ச் சங்கதி அல்ல. காயல்பட்டினத்தில் காதிரிகளுக்கு மஹ்லறா, ஷாதுலிகளுக்கு ஜாவியா என்று கூடுமிடங்கள் உண்டு. தாயிரா என்னும் கைப்பறை தட்டிப் பாடி வரும் பக்கீரும் கொன்யாவின் தர்வேஷும் சொல்லளவில் ஒருவரே: முன்னது அரபியிலிருந்து வந்தது, பின்னது பாரசீகம்.

உலகை விட்டு ஒதுங்கியவர்கள் என்பதும் பாதி உண்மைதான். உஸ்மானிய சுல்தானின் ஜானிசரிப் படை பெக்தாஷி தரீக்காவோடு ஒட்டி வளர்ந்தது. 1826இல் இரண்டாம் மஹ்மூத் அந்தப் படையை அழித்தபோது பெக்தாஷி மடங்களும் சேர்ந்து மூடப்பட்டன. அல்ஜீரியாவில் 1832 முதல் 1847 வரை பிரெஞ்சுப் படையோடு மோதிய அப்துல் காதிர், காதிரி ஷெய்கு ஒருவரின் மகன். லிபியாவில் இத்தாலியர் 1931இல் தூக்கிலிட்ட உமர் முக்தார் சனூசி தரீக்காவைச் சேர்ந்தவர். ஊருக்கு ஊர் மடம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும் முரீதுகள், பொதுப் பந்தி. இதைப் பார்த்து எந்த அரசுக்குத்தான் உள்ளூரப் பயம் வராது?

அந்தப் பயம் 1925 நவம்பர் 30 அன்று துருக்கியில் 677ஆம் எண் சட்டமானது. மடங்கள் மூடப்பட்டன. ஷெய்கு, தர்வேஷ் போன்ற பட்டங்களும் அவற்றுக்குரிய உடையும் தடைசெய்யப்பட்டன. ரூமியின் அடக்கத்தலம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 1950களில் சுழற்சி திரும்பி வந்தது, வழிபாடாக அல்ல, நினைவு விழாவின் கலைநிகழ்ச்சியாக. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் ஏறியது. உயர்ந்த கம்பளித் தொப்பி கல்லறைக் கல்லையும், கறுப்பு மேலாடை மண்ணறையையும், வெள்ளை அங்கி கஃபன் என்னும் சவத்துணியையும் குறிக்கும். ரூமி மறைந்த டிசம்பர் 17ஆம் நாளை ஒட்டி, அந்தக் கஃபனின் சுழற்சியைப் பார்க்க இன்று கொன்யாவில் நுழைவுச்சீட்டு வாங்கலாம். 677ஆம் சட்டமோ நீக்கப்படவில்லை. துருக்கிய அரசியலமைப்பின் 174ஆவது பிரிவு அதற்கு இன்னமும் காவல் நிற்கிறது.