எத்தனை பேரை எழுப்பவில்லை என்று பாருங்கள்

லினக்ஸ் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘டாப்’ கட்டளையைக் கொடுங்கள். பிரவுசர், பாட்டு என்று நீங்கள் திறந்துவைத்தவற்றுக்கு நடுவே ‘கேவொர்க்கர்’ என்ற பெயரில் ஒரு கூட்டம் நிற்கும். வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. இவை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் சொந்த ஆட்கள், அதாவது அதன் வேலைகளைச் செய்யும் இழைகள். கீபோர்டோ வைஃபையோ கேர்னலை இடைமறிக்கும் அந்தக் கணத்தில் நீண்ட வேலை எதுவும் செய்ய முடியாது. அவசரமானதை மட்டும் முடித்துவிட்டு, மிச்சத்தை வரிசையில் சேர்த்துவிட்டு விலக வேண்டும். அந்த மிச்சத்தை பிராசசரின் எந்தக் கோரில், எந்த ஆள், எப்போது செய்வது என்பதுதான் இங்கே நாம் ரசிக்கப்போகிற விஷயம்.

முதலில் பெயரை வாசிக்கப் பழகுங்கள். ‘கேவொர்க்கர்/0:1’ என்றால் 0 ஆம் கோருக்கு உரிய ஆள். எண்ணுக்குப் பின்னால் ஹெச் இருந்தால் அவசர வேலைக்காரர். சாய்கோட்டுக்குப் பிறகு யு வந்தால் எந்தக் கோருக்கும் கட்டுப்படாதவர். அங்கே வரும் எண்ணைக் கோர் எண் என்று நினைத்துவிடக் கூடாது. (இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு வாசிப்பவர் மேல் பெரிய இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.) பெயரின் வாலில் கூட்டல் குறி இருந்தால் இப்போது கையில் வேலை இருக்கிறது, கழித்தல் குறி இருந்தால் வேலை முடிந்துவிட்டது; குறிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அந்த வேலை வந்த வரிசையின் பெயர்.

இனி ஒரு பென்டிரைவைச் செருகி, பெரிய படம் ஒன்றை அதில் கொப்பி பண்ணுங்கள். திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகும் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம். யு வகை ஆள் ஒருவர் வாலில் ‘ஃப்ளஷ்’ என்று தொடங்கும் பெயரோடு மேலே ஏறி வருவார். படம் இன்னும் நினைவகத்தில்தான் இருக்கிறது. அதைப் பென்டிரைவில் எழுதிக்கொண்டிருப்பவர் அவர்தான். சாதாரணமாக 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்துக் கிடக்கும் தரவை எழுதுவார். நினைவகம் நிறையத் தொடங்கினால் அதற்கு முன்பே வந்துவிடுவார். பென்டிரைவைச் சட்டென்று பிடுங்காதே என்று ஏன் சொல்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற இடம் இது.

இந்த ஏற்பாட்டின் அழகு புரிய, முன்பு இருந்த கோலம் தெரிய வேண்டும். 2002 வாக்கில் லினக்ஸில் ‘வொர்க்க்யூ’ வந்தபோது, ஒவ்வொரு வேலை வரிசையும் ஒவ்வொரு கோரிலும் தனக்கென்று ஓர் ஆளை வைத்துக்கொண்டது. மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தை வைத்தே சொல்லிவிடலாம். கங்காணி என்பது வேலை வரிசை, மலை என்பது கோர். 20 கங்காணிகள், 8 மலைகள். ஒவ்வொரு கங்காணியும் தன் ஆள் ஒருவரை ஒவ்வொரு மலையிலும் நிறுத்துகிறார் என்று வையுங்கள். 160 பேர். கொழுந்தே இல்லாத மலையிலும் ஆள் நிற்கும். கொழுந்து முற்றிக் கிடக்கும் மலையில், அந்தக் கங்காணியின் ஒரே ஆள் நிறுவைக்குப் போய்க் காத்து நின்றால், பக்கத்தில் பத்துப் பேர் சும்மா இருந்தாலும் அவர் நிரையில் கைவைக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வேறு கங்காணியின் ஆட்கள். கோர்கள் நிறைந்த சில சர்வர்களில் இந்த முறையால், கணினி எழுந்து நிற்பதற்குள்ளேயே 32 ஆயிரத்துச் சொச்சம் பிராசஸ் எண்களும் தீர்ந்துபோயின.

2010 இல், 2.6.36 ஆம் பதிப்பில், கேர்னல் நிரலாளர் டேஜுன் ஹியோ இதை அடியோடு மாற்றினார். கங்காணிக்குக் கங்காணி தனி ஆள் கிடையாது. மலைக்கு ஒரு பொதுப் பெரட்டு. இப்போது ஒவ்வொரு கோருக்கும் சாதாரண வேலைக்கு ஒரு குழு, அவசர வேலைக்கு ஒரு குழு இருக்கின்றன. எந்த வரிசையிலிருந்து வேலை வந்தாலும் அந்தக் குழுவிலிருந்தே ஆள் போவார். (கேர்னல் இழைகளுக்கு நாட்சம்பளப் பேச்சுவார்த்தை இல்லை என்பதால் ஒப்புமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

அவர் செய்ததில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது அடுத்த விஷயம்தான். ஒரு கோரில் வேலை செய்யும் ஆள் டிஸ்குக்காகவோ பூட்டுக்காகவோ காத்துத் தூங்கப்போகும் அதே நொடியில், யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அந்தக் குழுவுக்குத் தகவல் தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஆள் யாரும் இல்லை, வரிசையில் வேலை மட்டும் இருக்கிறது என்றால் சும்மா இருப்பவர்களில் ஒருவரே ஒருவர் எழுப்பப்படுவார். இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் அசைய வேண்டியதில்லை. தூங்கியவர் எழுந்து வந்து இருவராகிவிட்டால், கையில் உள்ளதை முடித்த பிறகு ஒருவர் போய் உட்கார்ந்துவிடுவார். தேவைக்கு அதிகமாகச் சும்மா இருப்பவர்கள் 5 நிமிடம் பொறுத்துக் கலைக்கப்படுவார்கள். வேகத்தை அளப்பவர்கள் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருங்கள். எத்தனை பேர் அசையாமல் கிடக்கிறார்கள் என்பதை எண்ணுங்கள்.

எழுப்பாமல் விடுவது கைப்பேசியில் பற்றரியாகவே மிஞ்சும். ஆண்ட்ராய்ட் போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கேர்னல்தான். வேலை எந்தக் கோரில் பிறந்ததோ அங்கேயே செய்தால் அதன் தரவு பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் சூடாக இருக்கும். ஆனால் அதற்காக உறங்கும் கோரை எழுப்ப நேரிடலாம். 2013 இல், 3.11 பதிப்பில், இன்னொரு கேர்னல் நிரலாளரான விரேஷ் குமார் இதற்கு ஒரு வழி சேர்த்தார்: மின்சாரம் முக்கியம் என்றால் சில வேலைகளைக் கோரோடு கட்டாமல் விட்டு, ஏற்கெனவே விழித்திருக்கும் கோரில் செய்யலாம். 2023 இல், 6.6 பதிப்பில், டேஜுன் ஹியோ நடுவழி ஒன்றைப் பிடித்தார். கட்டுப்படாத வேலையையும் முடிந்தவரை ஒரே கேஷைப் பகிரும் கோர்களுக்குள்ளேயே வைப்பது. துண்டுதுண்டாகச் செய்து ஒட்டிய புதிய சிப்களுக்கு இது அவசியமாகியிருந்தது.

புதிய கேர்னலில் ‘கேவொர்க்கர்/ஆர்’ என்று சிலர் தெரிவார்கள். மீட்புக்கு வைத்த ஆட்கள். நினைவகம் தீர்ந்துபோனால் புதிய ஆளை உருவாக்கவே நினைவகம் இராது. நினைவகத்தை விடுவிக்கவோ ஓர் ஆள் வேண்டும். இந்த முடிச்சு விழக்கூடிய வரிசைகளுக்கு, தொடங்கும்போதே ஓர் ஆளை ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். அவரைக் கூப்பிடும் நிரல் பகுதிக்கு, விமானிகள் ஆபத்தில் கத்தும் ‘மேடே’ என்ற பெயர். பெரும்பாலும் அவர்கள் பெயருக்கு எதிரே உழைத்த நேரம் 0:00.00 என்றே நிற்கும்.

கடைசியாக ‘டீமெசேஜ்’ கட்டளையில் கேர்னலின் முணுமுணுப்பையும் பாருங்கள். 2023 இல் வந்த 6.5 பதிப்பு முதல், ஓர் ஆள் 10 மில்லி விநாடிக்கு மேல் கோரை விடாமல் பிடித்துக்கொண்டால் கேர்னல் அவரைக் கணக்கிலிருந்து தள்ளிவைத்து, அடுத்தவருக்கு வழிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் வேலையின் பெயரைச் சொல்லியே குறை எழுதிவைக்கிறது. அந்த வரியைக் கண்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்கு ஹட்டன் டவுன் வரை ஓட வேண்டாம். திட்டு விழுவது அந்த வேலைக்கான நிரலை எழுதியவருக்கு.