குறட்டை நின்றால் போதுமா? பல் டாக்டரும் ஸ்லீப் அப்னியாவும்

ஆய்க்குடியில் இருக்கும் என் மாமாவுக்கு ஸ்லீப் அப்னியா என்று தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. திருநெல்வேலியில் ஒரு ராத்திரி படுக்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது குறைகிறது. 30க்கு மேல் போனாலே தீவிரம். சிபாப் மெஷின் வாங்கினார். "ஏல, ஆன தும்பிக்க மாதிரி மூஞ்சியில மாட்டிக்கிட்டு எப்படிலே தூங்க?" பத்தே நாளில் மெஷின் பரணுக்குப் போய்விட்டது. சாரல் காற்றில் கரண்ட் போகிற ஊர், அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம்தான் பல் டாக்டர். மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு அச்சு. இரண்டையும் சேர்த்து மாட்டினால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வந்து நிற்கும். தாடையோடு நாக்கும் முன்னே வரும், தொண்டைக்குப் பின்னால் வழி திறக்கும். யோசனை பழசுதான். சிறு தாடையோடு பிறந்த குழந்தைகளுக்காக பிரான்ஸின் பியர் ரோபன் 1902லேயே இப்படி ஒன்றைச் செய்தார். சிபாப் வந்ததோ 1981ல்.

இதில் எனக்கு இரண்டு பேரிடம் சண்டை.

முதலில் நம் நாட்டு வழிகாட்டி, 2014ல் வந்த 'இனோசா'. லேசான, நடுத்தர அப்னியா இருந்து, சிபாப் வேண்டாம் என்பவர்களுக்கோ அது பலிக்காதவர்களுக்கோ வாய்க்கருவி தரலாம் என்கிறது. சரி, 41 வாங்கிவிட்டு மெஷினைப் பரணில் போட்ட ஆளுக்கு? அடுத்த வருஷமே வந்த அமெரிக்க வழிகாட்டி இதை நேராகப் பார்த்தது. சிபாப் ஒத்துவராதவரை வைத்தியமே இல்லாமல் விடுவதற்குப் பதில் வாய்க்கருவியை யோசியுங்கள் என்றது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

சிட்னியில் கிரெய்க் பிலிப்ஸ் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். நடுத்தரம் முதல் தீவிரம் வரை இருந்தவர்களுக்கு இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு மாதம் கொடுத்தார்கள். சிபாப்பில் மணிக்கு 4.5 தடவை, வாய்க்கருவியில் 11.1. மெஷின்தான் ஜெயிக்கிறது. ஆனால் மெஷினை மாட்டிய நேரம் ராத்திரிக்கு 5.2 மணி, கருவியை 6.5 மணி. கடைசியில் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் வாய்க்கருவி பின்தங்கவில்லை. ஒரே மாத ஆய்வு, மணிக்கணக்கும் நோயாளிகளே சொன்னது, அதை மறக்கக்கூடாது. இருந்தாலும் பரணில் கிடக்கிற மெஷின் பூஜ்யம் மணி நேரம்தானே வேலை செய்கிறது?

இரண்டாவது சண்டை பல் வைத்தியர்களோடு. இதுதான் பெரிசு. மாமாவுக்கு ஒரு கிளினிக்கில் கருவி செய்து கொடுத்தார்கள், ஊர் பேர் வேண்டாம். குறட்டை குறைந்தது. அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சரியாயிட்டு" என்று அனுப்பிவிட்டார்கள். மறு சோதனை என்ற பேச்சே இல்லை. நாலு மாதம் கழித்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஏற்றிப்போன மாமா விடிகாலையில் ஸ்டியரிங்கிலேயே கண்ணசந்து வண்டியை ரோட்டை விட்டு இறக்கிவிட்டார். நல்லவேளை, பக்கத்தில் வெறும் வயல். திரும்பச் சோதித்தால் 19. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, ஆனால் நோய் போகவில்லை. சத்தம் மட்டும்தான் போயிருந்தது.

குறட்டை என்பது பக்கத்தில் படுப்பவருக்குக் கேட்கிற அறிகுறி. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவது யாருக்கும் கேட்காது. கருவி மாட்டியபின் மறுபடி தூக்கச் சோதனை செய்யுங்கள் என்று அந்த அமெரிக்க வழிகாட்டியே சொல்கிறது. பல் நகர்கிறதா, கடி மாறுகிறதா, தாடை மூட்டு வலிக்கிறதா என்று வருஷா வருஷம் பார்க்கவும் ஆள் வேண்டும். கொதிநீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கிற ஆன்லைன் சரக்கை வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் யார் பார்ப்பார்?

இவ்வளவு திட்டினாலும், கண்டுபிடிக்கிற இடத்தில் பல் டாக்டரை விட்டால் வேறு ஆள் இல்லை என்றே நினைக்கிறேன். வாயைத் திறந்து நாக்கை நீட்டினால் உள்நாக்கு தெரிகிறதா என்று பார்த்து தரம் பிரிக்கும் முறையை, ஆந்திராவில் பிறந்த மயக்க மருந்து நிபுணர் மல்லம்பட்டி 1985ல் எழுதினார். மயக்கம் கொடுக்கும்போது குழாய் போடுவது கஷ்டமா என்று அறியத்தான் அது. பிறகு அப்னியா சந்தேகத்துக்கும் உதவியது. அந்தக் காட்சியைத் தினம் இருபது தடவை பார்ப்பவர் யார்? பல் பிடுங்க வந்தவரிடம் "குறட்டை உண்டா, பகலில் தூக்கம் வருதா, பிரஷர் இருக்கா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. மாமா அதற்கு முன் எத்தனையோ தடவை பல் பார்க்கப் போயிருக்கிறார். ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது வேறொரு பல் டாக்டர் கருவியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார். அடுத்த சோதனை புரட்டாசியில். அதுவரை லோடு வண்டியை மச்சான்தான் ஓட்டுகிறான். மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருகிறார்.